தாவூது மண்டபம் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா

பஞ்சநதம் மகள் கல்யாணம் நின்றுபோகும் என்று எங்கள் தெருவில் முதலில் சொன்னது நான் அல்ல. பால் ஊற்ற வந்த ராமாயிதான் சொன்னாள். "அப்படியா? யார்கிட்டயும் சொல்லாதே" என்றுதான் நான் சொன்னேன். பிறகு நாலு வீட்டில் அந்தச் செய்தியைச் சொன்னேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான்.

பூதலூருக்குப் பக்கத்தில் கண்ணிக்குடி எங்கள் ஊர். வழக்கமாகப் பங்குனியில் வரும் மாரியம்மன் திருவிழா இந்த வருடம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. கோயில் முன்மண்டபத்துக்குக் கான்கிரீட் போடுகிறோம் என்று கூரையைப் பிரித்தவர்கள், பிரித்த கையோடு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து முடிப்பதற்குள் சித்திரையே போய்விட்டது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்குள் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல் எதுவும் கூடாது. மேளம் அம்மனுக்கு மட்டும்தான் கொட்டலாம். பஞ்சநதத்தின் மகள் சுடர்விழிக்கு முகூர்த்தம் குறித்திருந்ததோ, காப்புக் கட்டிய நான்காம் நாள்.

தேதியை மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாப்பிள்ளை பரிதி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இந்த லீவு போனால் அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. அது போகட்டும் என்றால், ஒரத்தநாட்டில் இருக்கும் அவன் அம்மா விஜயலட்சுமி போனில் சொன்னது அதைவிடப் பெரிதாக இருந்தது. "எங்க வீட்ல குறிச்ச முகூர்த்தத்தை மாத்துறது இல்லங்க. ஒரு தடவை மாத்தினோம். அந்தக் கல்யாணமே நடக்கலை. தேதி நின்னுச்சுன்னா சம்பந்தமும் நின்னுச்சுன்னு வச்சுக்குங்க." பஞ்சநதத்தின் மனைவி ஆனந்தவல்லி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது. என் வீட்டு வாசலில் நின்றால் அவள் அடுப்படி வரைக்கும் தெரியும். கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

வேறு மண்டபமும் கிடைக்கவில்லை. வைகாசி முகூர்த்த நாளில் தஞ்சாவூர் வரைக்கும் ஒரு கொட்டகைகூடக் காலி இல்லை. ஆக, ஒரே நம்பிக்கை தாவூது மண்டபம். சேக் தாவூது மெயின் ரோட்டோரம் கட்டிய கல்யாண மண்டபம் அது. அது ஊர் எல்லைக்கு வெளியே இருந்தால் கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். உள்ளே இருந்தால் இல்லை.

இதில் என்ன சந்தேகம், போய்ப் பார்த்தால் தெரியாதா என்பவர்கள் எங்கள் ஊர் எல்லையைப் பார்த்ததில்லை. நான் சொல்வது தாலுகா ஆபீஸ் எல்லை இல்லை, அம்மன் எல்லை. காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் பூசாரி ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் எலுமிச்சம்பழம் வெட்டிச் சுற்றி வருவார். கல்லுக்குக் கல் நேர்கோடு. எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல் என்பதில் சண்டையே கிடையாது. சண்டையெல்லாம் அதன் வடிவத்தில்தான். கிழக்குப் பக்கம் வந்ததும் எல்லை நண்டுக் கொடுக்கு மாதிரி நீண்டு, ரோட்டைத் தாண்டித் தெற்கே வளைந்து, பிறகு பின்வாங்கி, மறுபடி அதற்குத் தெற்கே இன்னொரு விரலாக நீளும். அந்தக் கொடுக்கின் வாய்க்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது மண்டபம்.

கோயிலில் ஊர் கூடியது. கோயில் பொறுப்பு ராஜராஜனிடம். ஆனந்தவல்லிக்கு அண்ணன் முறை, பெரியப்பா மகன். அவர் மகன் சதீஷ் இருக்கும்போது சுடர்விழியை வெளியில் கொடுக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு மனத்தாங்கல். வெளியில் சொல்லமாட்டார். வேட்டியை உதறிக் கட்டுகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

"மெயின் ரோட்ல இருந்து மண்டபத்துக்கு வர்றப்ப மொத எல்லைக்கல்லு வருது. அப்புறம்தான் மண்டபம். எல்லையைத் தாண்டி வந்தா ஊருக்குள்ளன்னுதானே அர்த்தம்" என்றார் ராஜராஜன்.

"ஊர்ல இருந்து மண்டபத்துக்குப் போறப்பவும் எல்லைக்கல்லு வருது மச்சான். எல்லையைத் தாண்டிப் போனா ஊருக்கு வெளியன்னு அர்த்தம் இல்லியா" என்றார் பஞ்சநதம். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டும் உண்மை. அதுதான் தொல்லை. சரி, மண்டபத்துக்காரரையே கேட்போம் என்று தாவூது பாயைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு என்னங்க தெரியும்" என்றார் அவர். "வீட்டு வரி உங்க ஊர்ல கட்டுறேன். கரண்ட்டு பக்கத்து ஊரு லைன்ல வருது. தபால் பூதலூருக்கு வருது. கல்யாணம் மட்டும் எந்த ஊர்ல நடக்குதுன்னு நீங்க சொன்னீங்கன்னா போர்டுல எழுதிப்புடுறேன்."

அடுத்த நாள் காலையில் சுடர்விழி ஒவ்வொரு எல்லைக் கல்லிடமும் போய் நின்றுவிட்டு வந்தாள். கையில் போன். கல்யாணப் பெண் வெயிலில் அலைகிறாளே என்று நானும் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். அவள் திருச்சியில் ஒரு கம்பெனியில் மேப் சம்பந்தமான வேலை பார்க்கிறாள். நாம் போனில் சாப்பாடு கேட்டால், நம் வீடு அவர்கள் கொண்டுவந்து தரும் பகுதிக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற வேலையாம். "நம்ம ஊருக்குப் பிரியாணி வராதுன்னு சொல்றது நீதானா?" என்று சதீஷ் கேட்டான். அவனுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. கும்பகோணத்தில் யாரோ இருப்பதாகக் கேள்வி. அது வேறு கதை.

மாலையில் கோயிலில் அவள் போனைக் காட்டினாள். கல்லெல்லாம் புள்ளியாக, எல்லை கோடாக, மண்டபம் ஒரு சிவப்புப் புள்ளியாக இருந்தது. வெளியே என்று அது ஒரு நொடியில் சொல்லிவிட்டது. "இப்படித்தான் மாமா எல்லா எடத்துலயும் பண்றாங்க" என்றாள் ராஜராஜனிடம். "ஆத்துல தண்ணி கூடுதலா வந்தா, கரையோரத்துல இருக்கிற போனுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பணும். எந்தப் போன் உள்ள, எந்தப் போன் வெளியன்னு பாக்கணும்ல. பயிர்க் கணக்கு எடுக்க வர்றவங்க வயலுக்குள்ள நின்னு போட்டோ எடுக்குறாங்களான்னு பாக்குறதும் இதேதான்."

ராஜராஜன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பயிர்க் கணக்கா? தையில உங்கப்பன் வரப்புல நின்னு போட்டோ எடுத்தப்ப, வயலுக்கு வெளிய நிக்கிறான்னு சொன்னது இந்தப் போன்தானே? அவன் சொந்த வயலே அதுக்குத் தெரியலை. அம்மன் எல்லை தெரிஞ்சிருச்சாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சநதமும் பாதிக்குச் சிரித்துவிட்டு, ஆனந்தவல்லி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சுடர்விழி போனை மடியில் வைத்துவிட்டாள். "சரிங்க மாமா, போன் வேணாம். அது எப்படிக் கண்டுபிடிக்குதோ, அதையே நாம காலால நடந்து பாத்துடலாம்."

"எப்படி?"

"மண்டபத்துல இருந்து ஏதாவது ஒரு திக்குல நேரா நடக்கணும். நிச்சயமா ஊர் இல்லைங்கிற எடம் வரைக்கும். வழியில எல்லைக் கோட்டை எத்தனை தடவை தாண்டுறோம்னு எண்ணணும். ஒத்தப்படையா வந்தா கிளம்பின எடம் உள்ள. ரெட்டைப்படையா வந்தா வெளிய."

"இது என்ன ஜோசியமா?"

"ஜோசியம் இல்ல மாமா. ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் உள்ள இருக்கிறவன் வெளிய வந்தாகணும், வெளிய இருக்கிறவன் உள்ள போயாகணும். மூணாவது வழி கிடையாது. கடைசில நாம நிக்கிறது வெளியன்னு நிச்சயமாத் தெரியும். அங்க இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்தா ஆரம்பம் தெரிஞ்சுபோகும். ஒரு தடவையும் தாண்டலைன்னா ஆரம்பமும் வெளிய. ஒரு தடவை தாண்டியிருந்தா ஆரம்பம் உள்ள. ரெண்டு தடவைன்னா திரும்ப வெளிய. அவ்வளவுதான்."

பூசாரி விரலை மடக்கிப் பார்த்தார். சிலர் தரையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். சரியாகத்தான் வந்தது. மேப் வேண்டாம், சர்வேயர் வேண்டாம், தாலுகா ஆபீசில் மனு வேண்டாம். கால் இருந்தால் போதும். ஊருக்குப் பிடித்துப்போயிற்று. திக்கை நான்தான் சொல்வேன் என்றார் ராஜராஜன். "நீங்களே சொல்லுங்க மாமா, எந்தத் திக்கா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாள் சுடர்விழி. ஆனந்தவல்லி மகளை முறைத்தாள். இவ்வளவு தாராளம் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அவர் தென்கிழக்கைச் சொன்னார். மண்டபத்து வாசலில் தொடங்கி, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் முடிப்பது. அம்மன் எல்லை ஆற்றங்கரை வரைக்கும் வராது, அதனால் கரைக்குப் போனால் அது நிச்சயமாக வெளியே. அறுப்பு முடிந்து வயல் எல்லாம் காய்ந்து தாளாகக் கிடந்தது. ஆற்றிலும் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. நடக்கத் தோதான நாள். எல்லைக் கல்லுக்குக் கல் நடவுக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். வரிசை நடவுக்கு வயலில் பிடிக்கிற அதே கயிறுதான். கயிறு பிடித்தவன் சதீஷ். கல் இருக்கிற இடம் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மூங்கில் கம்பில் வேப்பிலை கட்டி நட்டார்கள்.

ராஜராஜன் முன்னால் நடந்தார், பின்னால் ஊர். நான் குடை எடுத்துக்கொண்டேன்.

கொடுக்கின் உள்பக்கக் கயிற்றைத் தாண்டினார். "ஒண்ணு" என்றார். கொஞ்ச தூரத்தில் வெளிப்பக்கக் கயிறு. "ரெண்டு." பஞ்சநதம் மூச்சு விட்டார். இத்தோடு ஆறு வந்துவிட்டால் நல்லது. ஆனால் கோட்டை நேராகப் பிடித்துக்கொண்டு போனால், தெற்கு விரலின் நுனியில் இருக்கும் எல்லைக் கல் நட்டநடுவில் வந்து நின்றது. எங்கள் ஊரில் எல்லைக் கல்லை யாரும் தாண்டி நடக்கமாட்டார்கள். ராஜராஜன் செருப்பைக் கழற்றினார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலம் வந்தார். அந்தப் பக்கம் போய் நின்று, "மூணு" என்றார்.

அதற்கப்புறம் ஆற்றுக் கரை வரைக்கும் கயிறே இல்லை. மூன்று. ஒற்றைப்படை. மண்டபம் உள்ளே.

பஞ்சநதம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனந்தவல்லி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத வேண்டியதில்லை. நீயே வழி சொல்லி நீயே கெடுத்தாயே என்றது. ராஜராஜன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா, அந்தப் புள்ள சொன்ன கணக்குத்தான்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. இருந்த மாதிரி வைத்துக்கொண்டார்.

சுடர்விழி மட்டும் திரும்பிக் கல்லுக்கே போனாள்.

"மாமா, இதை ஏன் எண்ணுனீங்க?"

"ஏன்னா? எல்லைக் கல்லும்மா. அம்மன் கல்லை எண்ணாம விட்டா, அதைவிட அபசாரம் உண்டா?"

"கல்லு எல்லைதான். ஆனா இங்க எல்லையை நீங்க தாண்டலை. ரெண்டு கயிறும் எந்தப் பக்கம் போகுது பாருங்க. ரெண்டும் மேற்கே போகுது. இது முனை. இந்த எடத்துல நீங்க உள்ளயும் போகலை, வெளியவும் வரலை. முனையை உரசிக்கிட்டுப் போயிருக்கீங்க. திருச்சி பஸ்காரன் ஸ்டாண்டுக்குள்ள வராம வாசல்ல நின்னு ஆளை ஏத்திக்கிட்டுப் போறான்ல, அந்த மாதிரி."

"வாசல்ல நின்னாலும் நின்னதுதானே. டிக்கெட்டு போடுறான்ல?"

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்ததா கணக்கு எழுதமாட்டான்ல?"

ராஜராஜன் கோபத்தில் கல்லைச் சுற்றி இன்னொரு முறை வந்தார். அதுவும் வலம்தான். "நான் இப்படி வந்தேன். கல்லைத் தொட்டேன். இந்தப் பக்கம் வந்தேன். எண்ணக் கூடாதுன்னா எதுக்கு இந்தக் கல்லு?"

அப்போதுதான் சதீஷ் வாயைத் திறந்தான். கயிற்றை விட்டுவிட்டு வந்து, "யப்பா, நீங்க கல்லுக்குக் கிழக்கால சுத்தி வந்தா கயித்தை மிதிக்கவே மாட்டீங்க. மேற்கால வந்தா ரெண்டு தடவை மிதிப்பீங்க. ஒண்ணுன்னு எண்ண வழியே இல்லை" என்றான்.

"நீ யார் பக்கம்டா?"

"நான் கயிறு பக்கம்."

பூசாரியும் கல்லைச் சுற்றி நடந்து பார்த்தார். கிழக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை. கிழக்கே போனால் பூஜ்யம், மேற்கே போனால் இரண்டு. எப்படிப் போனாலும் ஒன்று வரவில்லை. ஆனால் பூசாரி கோயில் நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகிறவர். "எதுக்கும் இன்னொரு தடவை நடந்துடலாமே" என்றார், பார்வையைக் கீழேயே வைத்துக்கொண்டு.

"ஒரு தடவை சொன்னது சொன்னதுதான்" என்றார் ராஜராஜன். "நமக்கு வேணுங்கிறது வர்ற வரைக்கும் அம்மனை நடக்க வைக்க முடியுமா?"

ஆனந்தவல்லி முன்னால் வந்தாள். "அண்ணே, உங்க மருமக கல்யாணம். நீங்கதான் நடக்கணும், வேற யாரும் வேணாம். எந்தத் திக்குன்னாலும் நீங்களே சொல்லுங்க. கல்லு மேல படாத திக்கா இருந்தா போதும். ஒத்தப்படை வந்துச்சுன்னா நானே போன் போட்டு அந்தம்மாகிட்ட கல்யாணம் இல்லைன்னு சொல்லிடுறேன். உங்க எதிர்லயே சொல்றேன்."

ஊருக்கு முன்னால் தங்கை கேட்டுவிட்டாள். மாட்டேன் என்றால் பயந்துவிட்டார் என்றாகும். ராஜராஜன் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் வருடா வருடம் பூசாரியோடு எல்லை சுற்றுகிறவர், வளைவு நெளிவு எல்லாம் அத்துப்படி. "வடக்கே" என்றார். "ரயில் பாதை வரைக்கும்." ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேறு ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வடக்கே எல்லை பழைய வாய்க்காலோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகும். மறுபடி கயிறு கட்டினார்கள். வழியில் கல் இருக்கிறதா என்று பூசாரி முதலில் போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்று கையை ஆட்டினார். ராஜராஜன் நடந்தார்.

"ஒண்ணு."

வரப்பு, தாள், மறுபடி வரப்பு. "ரெண்டு."

வாய்க்காலில் இறங்கி ஏறினார். கரை மேட்டில் கயிறு. "மூணு." இந்த மூன்றைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். எதிரே கருவேலம் புதர். புதருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதைக் கம்பி வெயிலில் மின்னியது. "அவ்வளவுதான், ஊர் முடிஞ்சுபோச்சு" என்று நின்றார்.

"ரயில் பாதை வரைக்கும்னு சொன்னீங்க மாமா."

"உள்ள முள்ளும்மா."

"நான் வேணா போறேன்."

"நீ போகக் கூடாது. உங்கம்மா என்னைத்தான் நடக்கச் சொன்னா." வேட்டியை மடித்துக் கட்டினார். புதருக்குள் புகுந்தார். நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். கிளை முறிகிற சத்தமும், அவர் யாரையோ திட்டுகிற சத்தமும் கேட்டன. முள்ளைத்தான் திட்டினார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பஞ்சநதம் என் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது தன் கைத்தடி என்று நினைத்திருப்பார் போல.

அங்கே அவர் ஒருவர்தான். கயிறு தன் வழியில் வரவில்லை என்று சொன்னாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. சுடர்விழிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவள் போனை யார் கேட்டார்கள்?

"நாலு" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

நாங்கள் புதரைச் சுற்றி அந்தப் பக்கம் போனோம். அவர் வெளியே வந்தபோது சட்டை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் ரயில் பாதை வரைக்கும் நடந்து, தண்டவாளத்தில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "வேற இல்லை. நாலுதான். மண்டபம் வெளிய." ஆனந்தவல்லி அங்கேயே அவர் காலில் விழப்போனாள். "முள்ளு கிடக்கு, எந்திரி" என்றார்.

அங்கேயே விட்டிருந்தால் அவர் ராஜராஜன் இல்லை. நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார். "வெளியன்னா எல்லாத்துக்கும் வெளியதான். காப்புக் கட்டினப்புறம் ஊர்க்காரங்க ராத்திரி எல்லைக்கு வெளிய தங்கக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

கல்யாணப் பேச்சில் அது எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. முந்தின நாள் ராத்திரி பெண் வீட்டார் மண்டபத்தில் தங்க முடியாது. முகூர்த்தம் முடிந்தாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். பஞ்சநதம் மறுபடி உட்காரப் பார்த்தார். ஆனந்தவல்லி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "தங்கலைண்ணே. காலைல வந்துக்குறோம்."

அப்படித்தான் நடந்தது. முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும். காப்பி போடக்கூடப் பெண் வீட்டில் ஒரு ஆள் இல்லை என்று விஜயலட்சுமி குறைப்பட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போதே நடந்த மாப்பிள்ளை அழைப்பில் ஒரு கூத்து. ரோட்டில் மேளத்தோடு வந்தவர்கள் கொடுக்கை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறித்தான் மண்டபத்துக்கு வர வேண்டும். எல்லைக்குள் மேளம் கூடாதே. அன்று கட்டிய கயிறும் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. முதல் கயிறு வந்ததும் ராஜராஜன் கையை உயர்த்தினார், மேளம் நின்றது. குதிரையில் இருந்த பரிதி என்ன ஏது என்று புரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தான். எல்லாரும் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் அந்தக் கொஞ்ச தூரத்தை நடந்தார்கள். அடுத்த கயிறு தாண்டியதும் மேளம் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது.

முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. தாலி ஏறிய நிமிடத்திலிருந்து சுடர்விழி ஒரத்தநாட்டுக்காரி, எல்லைக்கு வெளியே எங்கே தூங்கினாலும் கேள்வி இல்லை. கஷ்டம் அவள் அம்மாவுக்குத்தான். பெண்ணைக் கார் ஏற்றி அனுப்புகிற நல்ல நேரம் சாயங்காலம் என்று மாப்பிள்ளை வீட்டில் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும். ராஜராஜன் மண்டபத்து வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணியே வைத்திருந்தார்.

ஆனந்தவல்லி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னென்னவோ சொல்ல வைத்திருப்பாள். "ஃபேன் கீழ படுக்காதே, தலை வலிக்கும்" என்பதைத்தான் சொன்னாள்.

"அம்மா, பொழுது சாயுது. போம்மா" என்றாள் சுடர்விழி. "மாமா நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

"ஆனந்தா, வாம்மா" என்றார் ராஜராஜன். இந்த முறை சத்தம் போடவில்லை.

கார் கிழக்கே போனது, நாங்கள் மேற்கே நடந்தோம். ஆனந்தவல்லி வாயை இறுக்க மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. எல்லைக் கயிற்றைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்ததும் வேப்பமரத்தடியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இனி அவசரம் இல்லை. ராஜராஜன் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் முடிக்கும் வரை நாங்கள் எல்லாரும் நின்றோம்.